முதல் வெட்சூட்: 3 மி.மீ.யா, 5 மி.மீ.யா, வெறும் ரேஷ்கார்டே போதுமா?

தண்டையார்பேட்டை தம்பி
18 நவம்பர் 2024, இரவு 9.40

ஜனவரி கடைசியில புதுச்சேரியில ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபா டைவிங்கோட முதல் படி), மே மாசம் அந்தமான். சொந்தமா ஒரு வெட்சூட் (டைவிங்ல குளிருக்குப் போடற நியோபிரீன் ரப்பர் உடை) வாங்கணும். உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, மார்பு 104, இடுப்பு 96. காசிமேட்டுல புரொப்பெல்லர்ல சுத்துன வலையை அறுக்க இறங்குறவங்க பனியனும் அரை டிராயருமா இறங்குறாங்க, "நம்ம கடலுக்கு எதுக்கு ரப்பர் சட்டை"ங்கறாங்க. வேற ஒருத்தர் பழைய 5 மி.மீ. ஃபுல் சூட்டைப் பாதி விலைக்குத் தர்றாராம், தடிமன் எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லதுங்கறார். ரெண்டுல எது?

ராயபுரம் நங்கூரம்
18 நவம்பர், இரவு 10.15

ரெண்டும் இல்ல. 3 மி.மீ. ஃபுல் சூட்.

சென்னைக் கடலோட மேல்மட்டம் ஜனவரியில 26 டிகிரி பக்கம் இறங்கும், மே மாசம் 30ஐத் தொடும். புதுச்சேரியும் ஏறக்குறைய அப்படித்தான். கேக்கறதுக்கு இதமா இருக்கு. ஆனா தண்ணி உடம்புச் சூட்டைக் காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா இழுக்கும். உடம்பு 37, தண்ணி 27. அந்தப் பத்து டிகிரி வித்தியாசமே முக்கால் மணி நேரத்துல நடுக்கம் கொண்டுவரும்.

வலை அறுக்கறவங்க ஒண்ணு ரெண்டு மீட்டர் ஆழத்துல கத்தியோட மல்லுக்கட்டிட்டு சீக்கிரம் ஏறிடுறாங்க. கோர்ஸ்ல நீங்க தரையில மண்டி போட்டு, மாஸ்க்ல தண்ணி விட்டு எடுத்து, அடுத்தவர் முடிக்கிற வரைக்கும் அசையாம இருக்கணும். அசையாத உடம்புதான் குளிரும். ஒரே நாள்ல ரெண்டு டைவ் வேற. முதல் டைவ்ல போன சூடு ரெண்டாவதுக்குள்ள முழுசாத் திரும்பாது.

எண்ணூர் முகத்துவாரம்
19 நவம்பர், காலை 6.20

5 மி.மீ. ஏன் வேண்டாம் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். சூட் வாங்கும் எல்லாரும் குளிரை மட்டும் கணக்குப் பண்ணுகிறார்கள். சூட்டோடு சேர்த்து நீங்கள் ஈயத்தையும் வாங்குகிறீர்கள்.

நியோபிரீன் என்பது ரப்பருக்குள் லட்சக்கணக்கான மூடிய வாயுக் குமிழிகள். சூட்டை மிதக்க வைப்பது அந்த வாயு. மிதக்கும் சூட்டைக் கீழே இறக்க இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும். உங்கள் அளவில் 3 மி.மீ. புது ஃபுல் சூட் ஏறத்தாழ 2 கிலோ மிதப்பு தரும், 5 மி.மீ. என்றால் 4 கிலோ பக்கம். வெட்டுக்கும் ரப்பருக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும்.

10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. குமிழிகள் அதற்கேற்பச் சுருங்கும். 20 மீட்டரில் 5 மி.மீ. சூட் தன் மிதப்பில் பாதிக்கு மேல் இழந்துவிடும். இடுப்பில் இருக்கும் ஈயம் சுருங்காது. அந்த வித்தியாசத்தை பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) காற்று ஊதித்தான் சரிக்கட்ட வேண்டும். மேலே ஏறும்போது எல்லாம் தலைகீழ்: சூட்டும் உப்புகிறது, பிசிடியில் ஊதிய காற்றும் உப்புகிறது. புதியவர்கள் 5 மீட்டரில் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப்பில் (ஏறும் வழியில் பாதுகாப்புக்காக நிற்பது) நிற்க முடியாமல் மேலே பிய்த்துக்கொண்டு போவது பெரும்பாலும் இதனால்தான்.

3 மி.மீ. சூட்டில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு கிலோ அளவில் முடிந்துவிடும். மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகும் நாட்களில் இது பெரிய உதவி.

இன்னொன்று, ஆழத்தில் மெலிந்த சூட் குளிரையும் குறைவாகவே தடுக்கும். தடிமனுக்குக் கொடுத்த காசு மேல்மட்டத்தில்தான் முழுசாக வேலை செய்யும்.

தண்டையார்பேட்டை தம்பி
19 நவம்பர், மதியம் 1.05

அப்ப 2 மி.மீ. ஷார்ட்டி எடுத்தா ஈயம் இன்னும் குறையுமே? முழங்கை முழங்காலோட நிக்குமே, அது.

ஒற்றியூர் அலை
19 நவம்பர், இரவு 8.30

குறையும் தம்பி. அந்தமானுக்கு மே மாசம் அதுவே போதும்னு சொல்றவங்க நிறைய. ஆனா முதல் சூட்டா ஷார்ட்டி வாங்காதீங்க. சூடு மட்டும் காரணம் இல்ல.

சொறி மீன் இழை வெறுந்தோல்ல பட்டா அன்னிக்கு டைவ் முடிஞ்சுது. நம்ம கரையில காத்து திரும்புறப்ப எதெது மிதந்து வரும்னு சொல்ல முடியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் பெசன்ட் நகர் கரையில நீல டிராகன்னு சொல்ற கிளாக்கஸ் கடல் நத்தை ஒதுங்குச்சு. அது தான் தின்ற கொட்டும் உயிரினங்களோட கொட்டும் செல்லை தன் உடம்பிலேயே சேத்து வெச்சுக்கும். கைப்பிடிக் கயிறு, உடைஞ்ச படகு, செயற்கைப் பாறை எல்லாத்துலயும் கொட்டலசும் ஆளிச் சிப்பியும் ஒட்டியிருக்கும். முழங்கால் கிழிஞ்சா உப்புத் தண்ணியில எரிச்சலும் ஆறாத புண்ணும்தான். ஃபுல் சூட் இதையெல்லாம் தாங்கும்.

ரேஷ்கார்டு, அதாவது உடம்போட ஒட்டுற மெல்லிய நீச்சல் சட்டை, வெயிலையும் சொறியையும் தடுக்கும், குளிரைத் தடுக்காது. அதை வாங்கி வெட்சூட்டுக்கு உள்ள போடுங்க. சூட் வழுக்கிட்டு ஏறும், கழுத்தும் அக்குளும் உரசாது.

வண்ணை ஊசிநூல்
20 நவம்பர், காலை 11.10

அளவு எடுக்கும் விதத்திலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். 96 இடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது பேண்ட் போடும் இடத்தில் எடுத்ததா, தொப்புள் மட்டத்தில் எடுத்ததா? சூட் அட்டவணைக்குத் தொப்புள் மட்டம்தான் வேண்டும். மார்பைச் சாதாரணமாக மூச்சுவிட்ட நிலையில், டேப்பை அக்குளுக்குக் கீழே முதுகிலும் மட்டமாக ஓட்டி அளக்க வேண்டும். பனியன் கூட இல்லாமல்.

அட்டவணையில் முதலில் மார்பைப் பொருத்துங்கள், அடுத்து உயரம், கடைசியாக எடை. 104 மார்பும் 168 உயரமும் சாதாரண எல் சைஸில் ஒத்துப்போகாது. எல் சைஸ் மார்புக்குச் சரியாக வரும், கையும் காலும் நீளும். எல் ஷார்ட் என்று தனிச் சைஸ் போடும் கம்பெனிகள் இருக்கின்றன, அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் எல் வாங்கிக் கணுக்காலில் வெட்டிக்கொள்ளலாம். இருபக்கமும் நைலான் ஒட்டிய நியோபிரீன் வெட்டின ஓரத்தில் பிரியாது. கத்தரிக்கோல் கூர்மையாக இருக்க வேண்டும், வெட்டு ஒரே ஓட்டமாக வர வேண்டும். உடம்பு நீளத்தை மட்டும் எந்தத் தையல்காரராலும் சரி செய்ய முடியாது. தோளிலிருந்து கவட்டை வரை நீளமாக இருந்தால் கவட்டை தொங்கும், கால் அகட்டி உதைக்க வராது; குட்டையாக இருந்தால் தோளை நாள் முழுக்கக் கீழே இழுக்கும்.

ராயபுரம் நங்கூரம்
20 நவம்பர், இரவு 9.00

வண்ணை அண்ணன் சொன்னதோட தொடர்ச்சி. கடையில போட்டுப் பாக்கும்போது செய்ய வேண்டியது இது. பத்து நிமிஷம் சூட்டோட இருங்க, கண்ணாடி முன்னாடி ஒரு நிமிஷம் நின்னுட்டுக் கழட்டாதீங்க.

கையைத் தலைக்கு மேல தூக்குங்க. அக்குள்ல துணி மடிஞ்சு பை மாதிரி தொங்கினா பெருசு. குந்துங்க; முழங்காலுக்குப் பின்னாடி ரத்த ஓட்டம் நின்ன மாதிரி மரத்தா சின்னது. முதுகுத்தண்டு உள்வாங்குற இடுப்புப் பள்ளத்துல யாரையாவது கிள்ளிப் பாக்கச் சொல்லுங்க. அங்க ஒரு பிடி ரப்பர் கையில வந்தா தண்ணி தேங்கும், ஒவ்வொரு உதைக்கும் குளிர்ந்த தண்ணி உள்ள வந்து போகும். முழு மூச்சு இழுங்க. மார்பு இறுக்கமாத் தெரியலாம், மூச்சு பாதியில நிக்கக் கூடாது.

கழுத்துல ரெண்டு விரல் நுழையணும். இது சௌகரியத்துக்கு மட்டும் சொல்றது இல்ல. கழுத்து ரத்தக் குழாய் பக்கத்துல ரொம்ப அழுத்தம் விழுந்தா இதயத் துடிப்பு மந்தமாகி மயக்கம் வரும். தலை கிறுகிறுன்னா அந்த சூட்டை அங்கேயே கழட்டுங்க, பழகிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

வெளியில கொஞ்சம் இறுக்கமாவே இருக்கணும். நனைஞ்சா கண்டிப்பா நெகிழும். கடையிலேயே பைஜாமா மாதிரி இருந்தா தண்ணியில பிரயோஜனம் இல்ல.

ஒற்றியூர் அலை
21 நவம்பர், காலை 7.45

பெண்களுக்கு ஒண்ணு. கடையில "யூனிசெக்ஸ்"னு தர்றது பெரும்பாலும் ஆம்பிளை வெட்டு. இடுப்புல பை விழும், மார்புலயும் தொடையிலயும் மூச்சு முட்டும். மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ அகலம் மூணையும் தனித்தனியா அளந்து பெண்கள் அட்டவணையில பாருங்க. அந்த மூணுல பெரிசுக்குப் பொருந்தற சைஸ், மிச்ச இடத்துல தளர்ந்தா உள்ள ஒரு 2 மி.மீ. வெஸ்ட் (கையில்லாத நியோபிரீன் உள்சட்டை).

எண்ணூர் முகத்துவாரம்
21 நவம்பர், இரவு 10.50

நங்கூரம் சொன்ன இடுப்புப் பள்ளம் சரி. அதோடு பல இடங்களில் சொல்லித்தரும் ஒரு விளக்கத்தைத் திருத்த வேண்டும். "சூட்டுக்குள் புகும் தண்ணீர் சூடாகி நம்மைக் காக்கிறது" என்பார்கள். தண்ணீர் காக்கவில்லை, ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழிதான் காக்கிறது. உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்க உங்கள் உடம்புதான் செலவழிக்கிறது. அது எவ்வளவு மெல்லிய படலமாக, நகராமல் இருக்கிறதோ அவ்வளவு நஷ்டம் குறைவு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் பிடித்த விஷயமே இதுதான்: காப்பு நுரைக்குள் இருந்தால், சூட்டுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்க வேண்டிய அவசியமில்லை.

இதிலிருந்து வாங்குபவருக்கு வரும் முடிவு: தொளதொள 5 மி.மீ.யைவிடக் கச்சிதமான 3 மி.மீ. அதிகச் சூடு தரும்.

வண்ணை ஊசிநூல்
22 நவம்பர், மதியம் 3.30

தையல். உள்ளும் வெளியும் தட்டையாக ரயில் தண்டவாளம் போல் நூல் தெரிந்தால் பிளாட்லாக். ஊசி ரப்பரை முழுதாகத் துளைத்திருக்கும், அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வரும். நம் கடலுக்கு அது போதும், தோலில் உறுத்தாது. ஓரங்களை ஒட்டிவிட்டு ஊசி பாதி ரப்பரோடு திரும்பிவிடும் பிளைண்ட் ஸ்டிட்ச் குளிர்ந்த கடலுக்கு அவசியம், விலை ஏறும். ஓவர்லாக் தையல் உள்பக்கம் வரம்பு மாதிரி துருத்தி நிற்கும். அக்குளில் அது இருந்தால் வாங்காதீர்கள்.

ஜிப் முதுகில் இருக்கட்டும், அதை இழுக்கும் வால் நீளமாக இருக்கட்டும். மார்பு ஜிப் சூட்டில் தோளை நுழைப்பது அகல உடம்புக்குப் பாடு. ஜிப்புக்கு உள்ளே ஒரு மடிப்புப் பட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் முதுகுத்தண்டில் நேராகத் தண்ணீர் இறங்கும்.

அலைச்சறுக்கு சூட்டையோ டிரையத்லான் சூட்டையோ டைவிங்குக்கு வாங்க வேண்டாம். முதலாவது மிருதுவான ரப்பர், ஆழத்தில் சீக்கிரம் நசுங்கும். இரண்டாவதற்கு வெளியில் நைலான் இல்லை. பிசிடி வாரும் சிலிண்டரும் உரசியே கிழித்துவிடும்.

தண்டையார்பேட்டை தம்பி
23 நவம்பர், காலை 9.15

அந்தப் பழைய 5 மி.மீ. வேண்டாம்னு முடிவு. ஆனா பழைய 3 மி.மீ. கிடைச்சா எதைப் பாத்து வாங்கணும்?

எண்ணூர் முகத்துவாரம்
23 நவம்பர், இரவு 9.20

தோள்பட்டையையும் முழங்காலையும் கட்டை விரலால் அழுத்தி விடுங்கள். நல்ல நியோபிரீன் உடனே எழும்பும். பள்ளமாகவே நின்றால் குமிழிகள் உடைந்துவிட்டன, அந்த இடத்தில் மெல்லிய துணிதான் மிச்சம். மடக்கிப் பாருங்கள், சின்னச் சின்ன வெடிப்பு ஓடினால் வெயில் தின்றது. கவட்டைத் தையலை இரு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் பசை போயிற்று. ஜிப்பை மூன்று முறை முழுசாக ஏற்றி இறக்குங்கள், பல் ஒன்று உடைந்திருந்தாலும் விடுங்கள். கடைசியாக மூக்கு: அம்மோனியா நெடி அடித்தால் என்சைம் கிளீனர் இல்லாமல் போகாது.

ஒன்று கூடுதல். பழைய சூட் நசுங்கியிருப்பதால் மிதப்பு குறைவு. அதே தடிமன் புதுசுக்கு மாறினால் ஈயக் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும்.

ராயபுரம் நங்கூரம்
2 டிசம்பர், இரவு 8.10

முந்தாநாள் ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துடுச்சு. ஆத்து வெள்ளம் கடல்ல கலக்குற வரைக்கும் தண்ணி சேறாத்தான் இருக்கும். டிசம்பர்ல போறவங்க டைவ் செண்டர்ல கேட்டுட்டுப் போங்க.

சூட் பழகிப் பாக்க எண்ணூர் பக்கமோ துறைமுகம் ஒட்டியோ இறங்கிடாதீங்க தம்பி. கப்பல் ஓட்டம், வலை, தங்கூசி (நைலான் தூண்டில் நூல்), எதிரே கை தெரியாத கலங்கல். போன வருஷம் மிக்ஜாம் வெள்ளத்தோட முகத்துவாரத்துல எண்ணெய் பரவுனது எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் நைலான்ல ஊறிட்டா சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பாங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல் ரெண்டும் தையல் பசையை இளக்கிடும். பாத்திரம் துலக்குற லிக்விட் சோப்பும் தண்ணியும் மட்டும். நீச்சல் குளத்துல பழகுங்க, முடிச்சதும் குளோரின் போக அலசுங்க.

ஒற்றியூர் அலை
3 டிசம்பர், காலை 6.50

அலசறதுன்னதும் நம்ம ஏரியா விஷயம் ஒண்ணு. மீஞ்சூர்ல இருந்து நம்ம பக்கம் வரைக்கும் கடல் தண்ணி நிலத்தடியில ஏறிட்ட இடம் நிறைய. போர் தண்ணியே உப்பு. கடல்ல இறங்கிட்டு வந்து அதுல அலசினா உப்பை உப்பால கழுவுற கணக்குதான். ஜிப்ல வெள்ளையாப் பூக்கும். மெட்ரோ வாட்டர் ரெண்டு பக்கெட் எடுத்து வெச்சுக்கோங்க. முதல் பக்கெட்ல பத்து நிமிஷம் ஊற விட்டு அமுக்கி விடுங்க, ரெண்டாவது பக்கெட்ல கடைசி அலசல். துணி மாதிரி முறுக்கிப் பிழியாதீங்க, வாஷிங் மெஷின் கூடவே கூடாது.

உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழல்ல, இடுப்புல மடிச்சுக் கொடியில போடுங்க. மெல்லிய கம்பி ஹேங்கர்ல மாட்டினா தோள் நசுங்கும். மொட்டைமாடி வெயில் ரப்பரை விறைக்க வெச்சிடும். ஜிப்புக்குத் தேன்மெழுகு தடவுங்க, வாசலின் வேண்டாம்.

ராயபுரம் நங்கூரம்
3 டிசம்பர், இரவு 9.30

போடறது எப்படின்னு யாரும் எழுதல. காலுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டிட்டு நுழைங்க, வழுக்கிட்டுப் போகும். கணுக்காலை அதோட இடத்துல நிறுத்திட்டு, கொஞ்சம் கொஞ்சமா முழங்கால், தொடை, கவட்டை. கவட்டை முழுசா ஏறினதுக்கு அப்புறம்தான் கைக்குப் போகணும். அவசரப்பட்டுத் தோளை இழுத்தா தையல்தான் போகும். நகத்தால கிள்ளி இழுக்காதீங்க, விரல் சதையால பிடிங்க. மோதிரம், வாட்ச் முதல்லயே கழட்டிடுங்க.

படகுல இடுப்பு வரைக்கும் மட்டும் போட்டு உக்காருங்க. நம்ம வெயில்ல முழுசா மூடிட்டு ஒரு மணி நேரம் போனா இறங்குறதுக்கு முன்னாடியே தலைவலியும் வாந்தியும் வரும். இடத்துக்கு வந்ததும் மேல்பாதியை ஏத்தி, தலையில ரெண்டு குவளை கடல் தண்ணி.

எண்ணூர் முகத்துவாரம்
5 டிசம்பர், காலை 6.05

கோர்ஸ் கட்டணத்தில் பெரும்பாலும் சூட்டும் அடங்கும், கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் முதல் நாள் அவர்கள் சூட்டைப் போட்டு எங்கே தண்ணீர் புகுகிறது, எங்கே இறுகுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம். கீழே சூடாக இருந்துவிட்டு ஏறும்போது குளிர்ந்தால் உடம்பிலிருந்து நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகும். மூன்று டைவ் போடும் நாட்களுக்கு 3 மி.மீ.க்கு உள்ளே தொப்பி வைத்த வெஸ்ட் ஒன்று சேர்த்தால் நம் கடலுக்கும் அந்தமானுக்கும் கர்நாடகத்து நேத்ராணித் தீவுக்கும் இதே சூட் ஓடும்.

தண்டையார்பேட்டை தம்பி
19 ஜனவரி 2025, இரவு 10.30

எல் ஷார்ட், 3 மி.மீ., முதுகு ஜிப், பிளாட்லாக் வாங்கியாச்சு. கழுத்துல ரெண்டு விரல் நுழையுது, முதுகுல கிள்ள ரப்பர் வரல. நீச்சல் குளத்துல 200 பார் அழுத்தத்துல காத்து நிறைஞ்ச முழு சிலிண்டரோட 3 கிலோ ஈயத்துல கண் மட்டத்துல மிதந்தேன். கடலுக்கு எத்தனை? தொடையில நகம் பட்டு ஒரு சென்டிமீட்டர் கீறலும் விழுந்திருக்கு.

எண்ணூர் முகத்துவாரம்
19 ஜனவரி, இரவு 11.15

கடல் நீர் குளத்து நீரைவிட சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி. உங்கள் 82 கிலோவோடு சிலிண்டர், பிசிடி, சூட், ஈயம் எல்லாம் சேர்ந்து 105 கிலோ வரும். அதில் 2.5 சதவீதம், சுமார் 2.6 கிலோ. முழு சிலிண்டரோடு பார்த்திருக்கிறீர்கள்; 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் 200லிருந்து 50 பாருக்கு வரும்போது சுமார் 2 கிலோ காற்று செலவாகி லேசாகிவிடும். 3, 2.6, 2 கூட்டினால் 7.6. எட்டு கிலோ எடுத்துப் போங்கள், ஒரு கிலோ கட்டிகளாக. டைவ் முடிவில் 50 பாரில், பிசிடி காலியாக, சாதாரண மூச்சைப் பிடித்து நில்லுங்கள். கண் மட்டத்தில் மிதந்து, மூச்சை விட்டதும் இறங்கினால் அதுதான் உங்கள் எண். அதற்கு முன்பே இறங்கினால் ஒரு கிலோ கழற்றுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

வண்ணை ஊசிநூல்
20 ஜனவரி, காலை 10.40

கீறல் வெளி நைலானோடு நின்றிருக்கிறதா, ரப்பர் வரை போயிருக்கிறதா? மடக்கிப் பார்த்தால் தெரியும். ரப்பர் திறந்தால் நியோபிரீன் பசை வாங்குங்கள், டின்னில் பாலிகுளோரோபிரீன் என்று போட்டிருக்க வேண்டும். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் வேண்டாம். சூட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், உப்பு ஒட்டியிருக்கக் கூடாது. கீறலின் இரு உதட்டிலும் தீக்குச்சியால் மெல்லியதாக ஒரு பூச்சு, பத்து நிமிடம் காற்றில். இரண்டாவது பூச்சு, மறுபடி பத்து நிமிடம், விரல் வைத்தால் ஒட்டாமல் பிசுக்கென்று வர வேண்டும். பிறகு ஓரம் ஓரமாகச் சேர்த்து அழுத்துங்கள், ஒருமுறை ஒட்டினால் நகர்த்த முடியாது. 24 மணி நேரம் தொடாதீர்கள். கோர்ஸ் அடுத்த வாரம்தானே, இன்றே ஒட்டிவிடுங்கள்.